கணுக்கால் நாடி

பயத்தை அளப்பதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருந்த நாடு ஒன்று உண்டு. அதன் பெயர் மேழிநாடு. அந்த அலுவலகத்தில் ஒரே ஓர் அதிகாரி. அவர் பெயர் விடங்கர்.

மேழிநாட்டின் மேட்டில் குன்றத்தார் வாழ்ந்தார்கள்; விடங்கரும் அவர்களில் ஒருவர். கீழே ஆற்றுப்படுகையில் படுகையார் வாழ்ந்தார்கள். பழைய மன்னர்கள் கால்வாய் வெட்டுவதற்காகக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கறுப்பாக இருந்தார்கள். அது ஆற்று வண்டல் என்றும், நன்றாகக் குளித்தால் போய்விடும் என்றும் குன்றத்தார் பலர் நினைத்தார்கள். அது தோல்.

இரு சாராருக்கும் சட்டம் ஒன்றுதான். காட்டுப்பாதையில் ஓநாய்கள் இருந்ததால், அனுமதி ஓலை பெற்ற எவரும் இடுப்பில் குறுவாள் வைத்துக்கொள்ளலாம். அரண்மனை வாசலில் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள்.

சாலைக் காவலர்கள் வண்டிகளை நிறுத்துவார்கள். அச்சு கிறீச்சிட்டால் நிறுத்தலாம். மாட்டின் கழுத்தில் ஒரு மணி குறைந்தாலும் நிறுத்தலாம். குன்றத்தாரின் இடுப்பில் குறுவாளைக் கண்டால், "நல்ல வேலைப்பாடு. எங்க செஞ்சதுங்க?" என்று விசாரிப்பார்கள். படுகையாரின் இடுப்பில் கண்டால் சில சமயம் அம்பு பறந்துவிடும்.

அதன்பிறகு விடங்கரை அழைப்பார்கள். உயிருக்கு உண்மையாகப் பயந்து ஆயுதத்தைப் பயன்படுத்தியவர் குற்றவாளி அல்ல என்று சட்டம் சொன்னது. ஆகவே அவர் காவலரின் மணிக்கட்டைப் பிடித்து, மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார். மணல் தீர்வதற்குள் நாடி நூறைத் தாண்டினால் பயம் உண்மை. வழக்கு முடிந்தது.

அரசும் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. முதலில் இறந்தவர் தன்னிடம் குறுவாள் இருப்பதைச் சொல்லவில்லை. எனவே, நிறுத்தியதும் சொல்லிவிட வேண்டும் என்று ஆணை வந்தது. அடுத்தவர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டே காவலர் பயந்துவிட்டார். எனவே வாயால் சொல்லக் கூடாது, ஓலையை எடுத்துக் காட்ட வேண்டும் என்றானது. ஓலை இடுப்பில் இருந்தது. அடுத்தவரின் கை இடுப்புக்குப் போனது. எனவே ஓலையை நெற்றியில் கட்டிக்கொண்டு, இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று திருத்தினார்கள். கை தலைக்குப் போனதும் பிடித்திருந்த மாட்டுக் கயிறு நழுவி, மாடுகள் நடக்கத் தொடங்கின. தப்பியோட முயற்சி என்று பதிவானது. இப்போது படுகையாரின் மாடுகளுக்கு ஆறு நாள் பயிற்சி கட்டாயம்.

"குடிமக்களின் பாதுகாப்புக்காக மாடுகளையே படிக்கவைத்த அரசு வேறெங்காவது உண்டா?" என்று சாலை அமைச்சர் அவையில் கேட்டார். யோசித்துப் பார்த்ததில் எல்லோருக்கும் இல்லை என்றே தோன்றியது.

விடங்கர் அதிகம் பேசாதவர். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பகல் முழுவதும் அவரால் உட்கார்ந்திருக்க முடியும். பதினொரு சாவுகளுக்குப் பதினொரு நாடிகளைப் பார்த்திருந்தார். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. நடித்திருந்தால் புரிந்துகொள்ளலாம். நிஜமாகவே நடுங்குகிறவனுக்கு அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது? ஒருமுறை ஒரு காவலனிடமே கேட்டார்.

"தெரியலைங்க. வண்டிய நிறுத்துறப்பவே வந்துடுது" என்றான் அவன்.

பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. அம்பின் மறுமுனையில் இருந்த நாடியை யாரும் பார்த்ததில்லை. அமைச்சரிடம் போய் அனுமதி கேட்டார்.

"படுகையாரின் நாடியா? அதற்கு விதியில் இடமில்லையே."

"தடையும் இல்லை."

"என்ன காரணம் என்று எழுதிக்கொள்வது?"

"தெரிந்துகொள்ளும் ஆசை."

அமைச்சர் தாடியைத் தடவினார். "ஆசைக்குத் தடையில்லை. விடுப்பில் போம்."

மருதையன் படுகையிலிருந்து அரண்மனைக்குச் சுண்ணாம்பு கொண்டுவரும் வண்டிக்காரன். மத்தியானம் வெறும் சாக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்தவனின் வண்டியில் விடங்கர் ஏறிக்கொண்டார்.

"நாடி பாக்கவா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே எனக்கு."

"பயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்."

மருதையன் சிரித்துவிட்டான். "அதுக்கு எதுக்குய்யா நாடி? என்னையக் கேட்டாலே சொல்லுவேனே."

விடங்கர் அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். அவன் கையை இழுத்துக்கொண்டான். "கை வேண்டாங்க. சாவடியில ரெண்டும் தலைக்குப் போகணும். ஒண்ணு கீழ நின்னுச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

கணுக்காலிலும் நாடி உண்டு. விடங்கர் சாக்குகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"சாவடி வந்ததும் சிரிக்காதீங்க, நக்கல்னு நெனப்பாங்க" என்றான் மருதையன். "உம்முனும் இருக்காதீங்க, மொறைக்கிறோம்பாங்க."

"பிறகு எப்படித்தான் இருப்பது?"

"அதைத்தான் இருபது வருசமா பழகிக்கிட்டு இருக்கேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவனே தொடர்ந்தான். "வண்டிச் சத்தம் கேட்டாத்தான் செல்லாண்டி அடுப்புல சட்டிய வைப்பா, என் பொண்டாட்டி. அதுவரைக்கும் வாசல்லயே நிப்பா. பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. இன்னைக்கும் வீடு போய்ச் சேரணும்."

காட்டுக்குள் ஓர் ஓநாய் ஊளையிட்டது. நாடி எண்பது. திருப்பத்தில் காவல் சாவடியின் கூரை தெரிந்தது. நூற்று இருபது. விடங்கருக்கு வியப்பாக இருந்தது.

"ஓநாயை விடவா?"

"அது பசிச்சாத்தானே வரும்."

"சட்டப்படி பார்த்தால் இப்போது ஆயுதத்தை எடுக்க உனக்குத்தான் உரிமை இருக்கிறது, மருதையா."

"மெதுவாப் பேசுங்கய்யா! நீங்களே என்னையக் கொன்னுடுவீங்க போலிருக்கு."

சாவடியில் எயினன் என்ற இளம் காவலன் வில்லோடு நின்றான். அச்சு கிறீச்சிட்டது. நிறுத்தினான். மருதையனின் இரு கைகளும் தலைக்குப் போயின. மாடுகள் சிலைபோல நின்றன. விடங்கர் சாக்குகளுக்கு நடுவே மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

"எங்கடா போற?"

"வீட்டுக்குங்க."

"இடுப்புல என்ன அது?"

குறுவாள் என்று வாயால் சொல்லக் கூடாது. மருதையன் கண்ணை மட்டும் நெற்றியில் கட்டியிருந்த ஓலையை நோக்கி உயர்த்தினான். "ஓலையில எழுதியிருக்குங்க."

"ஓலையைக் குடு."

"கைய எடுக்கலாங்களா?"

"கை அசைஞ்சுது, தொலைஞ்சே! ஓலையைக் குடுடா!"

"நீங்களே எடுத்துக்கங்கய்யா. நான் அசைய மாட்டேன்."

சாக்குகளின் இடைவெளியில் விடங்கருக்கு எயினனின் கை தெரிந்தது. நாணைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. எழுந்து நின்று, அதிகாரித் தலைப்பாகையைக் காட்டி, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். மணல் தீர இன்னும் ஒரு சிட்டிகைதான் இருந்தது. நூற்று நாற்பத்தைந்து. நூற்று நாற்பத்தாறு.

நூற்று நாற்பத்தேழு வரவில்லை.

விடங்கர் எழுந்தபோது எயினன் வில்லைக் கீழே போட்டான். "அய்யா! நீங்களா? கவனிக்கலைங்க, மன்னிச்சுக்கங்க." அவரைக் கைகொடுத்து இறக்கி, உடம்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான். பிறகு வழக்கப்படி தன் மணிக்கட்டை நீட்டினான். நூற்று முப்பத்தொன்று. உண்மையான பயம்.

நீதிமன்றத்தில் விடங்கர் இரண்டு எண்களையும் சொன்னார். இறந்தவனின் பயம் காவலருடையதைவிடப் பெரியது என்றார். தலைமை நீதிபதி குறுக்கிட்டார்.

"காவலரின் நாடியை எப்போது பார்த்தீர்?"

"சம்பவத்துக்குப் பின்."

"சட்டம் இருவருக்கும் ஒன்று. ஒருவரை முன்னும் ஒருவரைப் பின்னும் அளப்பது பாரபட்சம். சம்பவத்துக்குப் பின் வண்டிக்காரரின் நாடி எவ்வளவு?"

"இல்லை."

எழுத்தர் தீர்ப்பை வாசித்தார்: "காவலர் பயந்தார். வண்டிக்காரரிடம் பயம் எதுவும் காணப்படவில்லை."

உறையிலிருந்து எடுக்கப்படாத குறுவாளை, நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று எழுதி, செல்லாண்டியிடம் கொடுத்தார்கள். அவள் வெளியே மரத்தடியில் விடங்கருக்காகக் காத்திருந்தாள்.

"பக்கத்துலயே இருந்தீங்களாமே?"

"இருந்தேன்."

"நீங்க வாயைத் தொறந்திருந்தா அவன் அம்பு விட்டிருப்பானா?"

குன்றத்தார் இருந்த வண்டிமேல் அம்பு பறந்ததாக அவருடைய பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அது அவருக்குத் தெரியும். அவர் பேசாமல் நின்றார். செல்லாண்டியும் அவசரப்படவில்லை, நிழல் ஓர் அடி நகரும்வரை நின்றாள். பிறகு குறுவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா நிதானமாத்தான் அடிக்குது" என்றாள்.