கழுவாத கை

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன் நான். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஒன்றிலும் ஒன்றும் அகப்பட்டதில்லை. கடைசியில் நாற்பத்தொன்பது வயதில், பாதித் தலைமயிரும் கொட்டிய பிறகு, மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் வெடிமருந்துடன் பிடிபட்டேன். சிரிக்கத்தக்க விஷயம்தான். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வருவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து அத்தான் அழைத்தார்.

"அக்காவுக்கு இனி ரெண்டு மூண்டு நாள்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கண் முழிக்கிற நேரமெல்லாம் 'தம்பி வந்திட்டானோ' எண்டுதான் கேக்கிறா."

எனக்கு ஒரே அக்கா. அடுத்த நாள் பின்னேர விமானத்தில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை காலை நான் பெட்டி அடுக்கியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் இருந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் யோகன் அண்ணை வீட்டுக்கு, ஒரு பந்தயத்தை முடிக்கப் போனேன். (ஆம், பந்தயம். என் புத்தி அப்படி.)

யோகன் அண்ணை லொங்குய்யில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. எனக்குத் தெரிந்து மான் வேட்டைக்குப் போகும் ஒரே யாழ்ப்பாணத்தவர் அவர்தான். அனுமதிப் பத்திரமெல்லாம் முறைப்படி எடுத்து, தனக்கு வேண்டிய ரவையைத் தானே நிலவறையில் நிரப்பிக்கொள்வார். (எங்கள் பேச்சில் ரவை என்றால் துவக்குத் தோட்டாவும்தான். "யோகன் அண்ணை வீட்டில ரவை நிரப்பப் போறன்" என்று முதன்முதலில் சொன்னபோது, என் மனைவி மாலதி உப்புமாவுக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டாள்.)

அவருடைய முறை எளியது. ஐந்து ரவை நிரப்புவார், சுடுவார், தாளில் ஓட்டைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். பிறகு வெடிமருந்தின் அளவை மயிரிழை மாற்றி மறுபடியும் சுடுவார். பன்னிரண்டு வருடக் கொப்பி அது. நானோ மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கொப்பியைக் கண்டால் கை அரிக்கும். தோட்டா போகும் வழியைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி, அவருடைய துவக்கின் அளவுகளைக் கொடுத்தேன். திரையில் வண்ண வண்ணமாய் வளைகோடுகள் வந்தன.

"அண்ணை, நீங்கள் பன்னிரண்டு வருசமாத் தடவினதை இது பன்னிரண்டு செக்கனில சொல்லுது."

"சொல்லும். என்ர துவக்கைக் கேட்டே சொல்லுது?"

கொப்பிப்படி ஐந்து, மென்பொருள்படி ஐந்து, யாருடைய ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அவருக்கே வெற்றி என்று பேசிக்கொண்டோம். மருந்துக் கம்பனியின் புத்தகம் சொன்ன எல்லைக்கு மேல் ஒரு துகளும் போடமாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். என் ஐந்துக்கும் மருந்தை நானே நிறுத்தேன். கொஞ்சம் கையில், கொஞ்சம் சட்டையில், மிச்சம் ரவைக்குள்.

சுடும் திடலில் அவருடைய ஐந்து ஓட்டைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். என்னுடைய நான்கு, நான்கு திசைக்குப் போயின. ஐந்தாவது பக்கத்துக்காரரின் தாளில் இருந்தது. அந்த மனிதர் மரியாதையாக "மெர்சி" என்று நன்றி சொன்னார்.

யோகன் அண்ணை சிரிக்கவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

"கையைச் சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவு. போட்டிருக்கிற சேட்டையும் மாத்து. எயார்போட்டில கையைத் துடைச்சு மெசினில வைச்சுப் பாப்பினம்."

"எனக்குத் தெரியும் அண்ணை."

எனக்குத் தெரியும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து, எந்த எண்ணில் பிழை என்று தேடத் தொடங்கினேன். அக்கா நினைப்பு வரும்போதெல்லாம் இன்னோர் எண்ணை மாற்றிப் பார்த்தேன். "இஞ்சருங்கோ, நேரம் போட்டுது" என்று மாலதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, அதே கையோடும் அதே சட்டையோடும் எழும்பிப் போனேன்.

பாதுகாப்புச் சோதனையில் சீருடை போட்ட ஒரு பிள்ளை "பொன்ஜூர்" என்று சிரித்துவிட்டு, என் உள்ளங்கையைச் சிறு துணியால் துடைத்து இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரம் கத்தியது. மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் தோட்டாவின் வளைகோடு திரையை நிறைத்துக்கொண்டு வந்தது.

"இது என்ன?"

இருபது வருடம் சேர்த்த பிரெஞ்சு அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. "நாங்கள் வீட்டில் தோட்டா செய்வோம், பொழுதுபோக்காக" என்று சொன்னேன். (இலக்கணப் பிழை இல்லாமல் நான் பேசிய ஒரே பிரெஞ்சு வசனம் அதுதான் என்று மகள் சொல்கிறாள்.) இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள், மரியாதையாகவும் செய்தார்கள். யோகன் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்து என்னை விடும்போது விமானம் போய்விட்டது. அடுத்த நாள்தான் மறு விமானம்.

இடைவழி விமான நிலையம் ஒன்றில் நான் கதிரையில் குந்தியிருந்தபோது அக்கா போய்விட்டா. முதல் விமானத்தில் ஏறியிருந்தால் அரை நாள் கிடைத்திருக்கும். அந்த அரை நாளைத்தான் ஒரு வளைகோட்டுக்குக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று ஒரு மாமி எல்லோருக்கும் முன்னால் கேட்டா: "ஏன் தம்பி பிந்தினனீ?"

ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். எட்டு நாளாய் வாய் திறக்காத அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

"வெளிநாடு போனவை எல்லாரும் கூடப்பிறந்ததுகளைக் கை கழுவிப்போட்டினம். எங்கட மச்சான் மட்டும் கழுவாமல் பிளேனை விட்டவர்."

செத்த வீடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பகிடி எனக்கு முன்னரே மொன்றியலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இப்போது ரொறன்ரோவுக்குப் புறப்பட்டாலும் மகள் "அப்பா, கை கழுவியாச்சோ?" என்கிறாள். யோகன் அண்ணை வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்கிறார்.

அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. கடைசி இரண்டு வருடமும் அக்கா அழைத்தபோதெல்லாம் "பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவேன். பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை. அக்காவுக்கு இலக்கத்தை அழுத்திக் காதில் பிடித்துக் கொடுத்தவர் அத்தான். எல்லாம் தெரிந்த மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்றினார்.

இப்போது ஞாயிறு தவறாமல் அவருக்கு அழைக்கிறேன். எடுத்ததும் அவரும் அதைத்தான் கேட்பார்.

"என்ன மச்சான், கழுவீட்டியோ?"

"இன்னும் இல்லை அத்தான்."