நியதியின் பச்சை ஆட்சி

உலகத்தில் இதுவரை நடந்த ஆட்சிகளில் குற்றம் குறை இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது ஹுப்பள்ளியில், எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நடக்கிறது. ஆளுவது மனிதர் இல்லை, மென்பொருள். தனியார் பேருந்துகளுக்கு இருக்கை பதிவு செய்துதரும் நாற்பத்தாறு சர்வர்கள் அதன் குடிமக்கள். எந்தச் சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதியிருக்கிறது. அரை மணிக்கொரு தடவை ஆட்சி நகர்வலம் வரும். யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தால் கோப்பில் உள்ளபடி 'திருத்தி'விட்டுப் போகும். கூடவே சுவரில் ஒரு பலகை. சர்வர் நலம் என்றால் பச்சை, படுத்துவிட்டால் சிவப்பு. மேலாளர் ஹொசமனி சாகேப் இதற்கு 'நியதி' என்று பெயர் வைத்து, திங்கட்கிழமை காலை தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் கிர்மிட் என்கிற காரப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

"இனிமே சர்வரை யாரும் கையால தொடக் கூடாது. தொட்டா நியதி எழுதி வச்சுக்கும். வாரத்துல பத்து தடவைக்கு மேல தொட்டவங்க வீட்டுக்குப் போகலாம் ரீ" என்றார். வேலையைப் பறிக்கும்போதும் பேச்சின் வாலில் 'ரீ' சேர்த்து மரியாதை கொடுப்பது எங்கள் ஊர்ப் பண்பாடு.

நீலாம்பிகாவுக்கு முகம் வாடியது. எட்டு வருஷமாகச் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். வீட்டில் சம்பாதிப்பதும் அவர் ஒருவர்தான்.

பதினொரு மணிக்குப் பதினேழாம் நம்பர் சர்வர் விழுந்தது. எந்த இருக்கை யாருக்கு என்பதை வைத்திருப்பது அதுதான். நீலாம்பிகா கையால் மெமரியைக் கூட்டினார். இரண்டே நிமிடத்தில் எழுந்துவிட்டது. அரை மணி கழித்து நியதி வந்து, கூட்டியதைக் குறைத்துத் திருத்தியது. சர்வர் மறுபடி விழுந்தது. அவர் மறுபடி எழுப்பினார். மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு தடவை. மூன்று மணிக்கு ஒன்பது தடவை முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"விருபாட்சப்பா, அந்தக் கோப்பை எழுதினது நீங்கதானே?"

"நானேதான் ரீ" என்றேன், தன்னடக்கத்தோடு.

"பதினேழுக்கு மெமரி அஞ்சாயிரத்து இருநூறு இருக்கணும். ஐநூத்தி இருபதுன்னு எழுதி வச்சிருக்கீங்க. ஒரு சைபரை முழுங்கிட்டீங்களே!"

"சைபருக்கு மதிப்பே கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்களே."

"பின்னாடி நின்னா உண்டு. தயவு பண்ணி மாத்திடுங்க."

"மாத்தணும்னா வியாழக்கிழமை குழு கூடணும். அஞ்சு கையெழுத்து."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது? தொடாம விட்டா ஒரே சீட்டை நாலு பேருக்கு வித்துடும். தொட்டா என் வேலை போயிடும்."

"உங்க மனசாட்சிப்படி செய்ங்க ரீ" என்று பெருந்தன்மையோடு சொன்னேன். மனசாட்சி அவருடையது, எனக்கென்ன நஷ்டம்?

பாவி மனுஷி, தொட்டார். காலை எட்டிலிருந்து கூட்டம் குறையும் இரவு ஒன்பதுவரை அரை மணிக்கொரு தடவை எழுப்பினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். புதன் முடிய எழுபத்திரண்டு தடவை. பலகையோ ஐந்து நிமிடத்துக்கொரு முறைதான் எட்டிப் பார்க்கும். அதற்குள் அவர் எழுப்பிவிடுவதால் மூன்று நாளும் பச்சைப் பசேல்.

வியாழன் காலை குழு கூடியது. முதல் பொருள், என்னைத் 'தானியக்கத் தலைவர்' ஆக்குவது. இரண்டாவது பொருள், நீலாம்பிகாவின் மனு.

"பதினேழாம் நம்பர் அடிக்கடி விழுதுன்னு எழுதியிருக்கீங்க. பலகையில விழவே இல்லையே ரீ?" என்றார் ஹொசமனி சாகேப்.

"நான் உடனே எழுப்பிடறேன் சாகேப்."

"விழாததை எதுக்கு எழுப்புறீங்க?"

மனிதவள அதிகாரி சுமங்கலா மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "எழுபத்திரண்டு தடவை நியதி திருத்தியிருக்கு. எழுபத்திரண்டு தடவையும் இவங்க கெடுத்திருக்காங்க. என்ன பிடிவாதம் பாருங்க."

"கோப்புல ஒரு சைபர் விட்டுப்போச்சு மேடம். விருபாட்சப்பாவுக்குத் தெரியும். அவரையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையில் இருந்த என் பதவி உயர்வுக் காகிதத்தைப் பார்த்தேன். அதில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த பஜ்ஜி ஒன்றை நிதானமாக மென்று விழுங்கினேன்.

"பார்க்கணும் சாகேப்" என்றேன்.

மாலை ஐந்து மணிக்கு நீலாம்பிகா வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தார். "அஞ்சரைக்கு விழும். யாராவது பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்தரைக்கு விழுந்தது. பலகை சிவந்தது. ஹொசமனி சாகேப் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன ரீ இது அபசகுனம்? பலகை என்ன நிறத்துல இருக்கணும்னு கோப்புல எழுதலையா?"

"எழுதலை சாகேப்."

"எழுதுங்க!"

மெமரிக்குத்தான் ஐந்து கையெழுத்து. நிறத்துக்கு ஒன்றும் தேவையில்லை. 'பச்சை' என்று எழுதினேன். ஆறு மணிக்கு நியதி வந்து சிவப்பைத் திருத்தியது. அந்த நேரத்தில் விஜயபுர வண்டியில் பன்னிரண்டாம் இருக்கைக்கு நான்கு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடத்துநர் போனில் கத்தினார். "எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்கு ரீ" என்று பணிவோடு பதில் சொன்னோம்.

மறுநாள் பேருந்துக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். தானியக்கத் தலைவர் என்ற முறையில் அறிக்கையை நானே எழுதினேன். காரணம்: மனிதத் தவறு. தவறு செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் நீலாம்பிகா என்று எழுதிவிட்டு, நியதி வந்து திருத்திவிடுமோ என்று அரை மணி நேரம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வந்தது, நாற்பத்தாறையும் சுற்றியது, போய்விட்டது. அது திருத்துவது நான் எழுதியதை வைத்து. நான் எழுதியதைத் திருத்த யாருமில்லை.