பெரிய மேடத்தின் பல்செட்டும் என் நேர்முகத் தேர்வும்

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போய் ஓய்வெடுத்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று, அவர்கள் பொய் சொல்கிறார்கள். இல்லை, பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். நான் இரண்டாவது வகையில் சேரத்தான் ஆசைப்பட்டேன். அதற்குப் பணமும் கட்டினேன். கடைசியில் லௌட்டோக்கா துறைமுகத்தில் இறங்கும்போது மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இறங்கினேன்.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. நான் ரக்கிரக்கியில் ஆஸ்பத்திரி நர்ஸ், படிப்பில் தங்க மெடல் வாங்கியவள். வீட்டுக்காரர் சின்னசாமி சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். பெண் வசந்திக்கு ஆறு வயது, பையன் குமாருக்கு மூன்று. எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஓர் இந்தியக் குடும்பம் கட்டில் பீரோவை விற்றுவிட்டு நாண்டி விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. என்னோடு படித்த நர்ஸ்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கடையைச் சூறையாடிய பிறகு, வேகமாகக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே குமார் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான். அவன் அங்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன், இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று.

அந்தச் சமயத்தில் ஆக்லாந்திலிருந்து என் சிநேகிதி கமலா ஃபோன் செய்தாள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் முதலாளியம்மா, தன் தாயாரோடு ஃபிஜிக்கு வருகிறாளாம். கலவரத்துக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் யாரும் வராததால் யசாவா தீவுகளுக்குப் போகிற உல்லாசப் படகில் டிக்கெட் கொள்ளை மலிவாம்.

"ஒரு நர்ஸ் வேணும்னு தேடறாங்க லட்சுமி. நீயும் அதே படகுல ஏறு, நான் சொல்லி வெச்சிருக்கேன். குடும்பத்தோட வா, குடும்பம் எப்படின்னு பார்ப்பாங்க. முடிவு மகள் கையில இல்ல, கிழவி கையில. கிழவி தலையாட்டினா உனக்கு விசா, வீடு எல்லாம் வந்த மாதிரி."

படகுக் கம்பெனியின் விளம்பரத்தில் நான்கு ஃபிஜிப் பெண்கள் காதில் செம்பருத்தி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கியபடி சிரித்தார்கள். பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள், நீங்கள் காலை நீட்டிப் படுங்கள் என்று எழுதியிருந்தது. நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். (கல்யாணமான நாளிலிருந்து காலை நீட்டிப் படுக்காதவள் வேறு என்ன செய்வாள்?)

அதோடு விட்டேனா? புறப்படுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன்கூட அப்படிக் கொடுத்ததில்லை.

"பெரிய மேடம் வயசானவங்க. அவங்களுக்கு என்ன பண்ணணும்?"

"உதவி பண்ணணும்!"

"அவங்க கேட்டப்புறமா?"

"கேக்காமலே பண்ணணும்!"

(என் பிள்ளைகள் பேசியது ஃபிஜி இந்தி. அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது என்று தமிழில் எழுதுகிறேன். தமிழில் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது.)

லௌட்டோக்கா போகிற வழியில் தவுவா அருகே ராணுவம் பஸ்ஸை நிறுத்தியது. துப்பாக்கியோடு ஏறிய சிப்பாய் நேராக எங்கள் பையைத் திறந்தான். மேலேயே என் நர்ஸிங் சான்றிதழ்கள்! எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், வீட்டிலேயே ஒத்திகை பார்த்ததுதான். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டு அரிச்சந்திரன் பேசிவிட்டார்.

"என் பொண்டாட்டிக்கு நியூசிலாந்துல வேலை கெடைக்குமான்னு பார்க்கப் போறோம் அண்ணே. இங்க எங்களுக்குப் பயமா இருக்கு."

துப்பாக்கி பிடித்தவனிடமே சொல்கிறார், பயமாக இருக்கிறதாம்! சிப்பாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சான்றிதழ்களை மடங்காமல் உள்ளே வைத்து, பையை மூடி, குமார் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனான். பஸ் கிளம்பியதும் நான் அவர் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் ஆறவில்லை.

படகில் ஏறியதும் முதல் வேலையாக, காலை நீட்டும் உரிமையைக் கோரினேன். விளம்பரத்தில் சிரித்த நால்வரில் ஒருத்திதான் அங்கே இருந்தாள். பெயர் மேரே. நல்ல ஆகிருதி. நன்றாக இந்தி பேசினாள்.

"மத்த மூணு பேரும் எங்கே?" என்று நர்ஸ் குரலில் கேட்டேன்.

"டூரிஸ்ட் இல்ல, வேலை இல்ல, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப நான்தான் நாலு பேரும். சமைக்கிறது நான், ராத்திரி பாடறது நான், மேடத்துக்குக் கால் பிடிக்கிறதும் நான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கறோம்னு போட்டிருக்கு. பணம் கட்டியிருக்கேன்."

"இசா! ஐயோ நர்ஸ், நான் எப்ப மாட்டேன்னு சொன்னேன்?" என்று குமாரை ஒரு கையிலும் மீனை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். (மீனைத்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குப் பட்டது.)

முதலாளியம்மாவை எல்லாரும் சின்ன மேடம் என்றார்கள். கை குலுக்கிவிட்டு, வேலை விஷயத்தை மறுநாள் விருந்தில் பேசிக்கொள்ளலாம் என்றாள். அவளுடைய தாயார் பெரிய மேடம், ஒல்லியாக, நிமிர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது எனக்கே தெரிந்தது.

மறுநாள் மாலை. படகு ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றது. மேல்தளத்தில் கித்தான் கூரைக்குக் கீழே விருந்து மேசை போட்டாகிவிட்டது. நான் கீழே அறையில் பட்டுப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சின் அறையில். (படகில் ஏறியதிலிருந்து அங்கேதான். எஞ்சினைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கண்ணுக்குத் தெரியாது.) பிள்ளைகள் மேரேயிடம்.

மேலே ஒரு கூச்சல். ஓடினேன்.

பெரிய மேடம் சாய்வு நாற்காலியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்செட்டைக் கழற்றிப் பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் போட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கிறாள். எழுந்து பார்த்தால் தம்ளரில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. விருந்து நேரம். பல் இல்லாமல் அவள் எப்படிச் சாப்பிடுவாள், எப்படிப் பேசுவாள், எப்படி எனக்கு வேலை கொடுப்பாள்?

கேப்டன் எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார். சின்ன மேடத்தின் முகம் சிவந்திருந்தது. அவள் கண் ஒவ்வொருவர் மேலும் போய், மேரே மேல் வந்து நின்றது. மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியை மேரே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இருக்கிற ஒரு வேலையும் போய்விடுமே என்று அவளுக்குப் பயம்.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த நிர்வாகி விழித்துக்கொண்டாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நான் முன்னால் போய் நின்று, இங்கிலீஷில் ஒரு பிரசங்கமே செய்தேன். எங்கள் பண்பாட்டில் முதியவர்கள் தெய்வத்துக்குச் சமம் என்றேன். ஒரு முதியவரின் உடைமையை இன்னொருவர் தொடுவது எங்கள் வீட்டில் கனவிலும் நடக்காது என்றேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த விதம் அப்படி என்றேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் குமார் வாயைப் பிளந்து விரலை விட்டு வேறு பார்த்தேன். அவன் கடித்தான்.

அப்போது வசந்தி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். முன்பல் இரண்டும் இல்லாத வாயில் அப்படி ஒரு சிரிப்பு.

"மம்மி, நான்தான் உதவி பண்ணினேன். பெரிய மேடத்துக்கு எல்லாப் பல்லும் விழுந்துடுச்சு. பாவம், கூரைமேல எறியத் தெரியாம தண்ணியில போட்டு வெச்சிருந்தாங்க. நான் எடுத்துக் கூரைமேல எறிஞ்சிட்டேன். சாணிதான் கெடைக்கல. இனிமே புதுசா முளைச்சிடும். கேக்காமலே பண்ணினேன் மம்மி!"

விழுந்த பால்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்பது எங்கள் வீடுகளில் நடப்பதுதான். அவளுடைய இரண்டு பல்லையும் அவள் அப்பாதான் தகரக் கூரைமேல் எறிந்தார். பக்கத்தில் நின்று எண்ணிக் கைதட்டியது நான்.

இந்தி தெரிந்த கேப்டன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மேரே வாயை அடுப்படித் துணியால் அடைத்துக்கொண்டாள்.

"குழந்தை என்ன சொல்கிறாள்?" என்று கேட்டாள் சின்ன மேடம்.

விசா, வீடு, குமார் கட்டிலுக்கு அடியில் படுக்காத ஓர் ஊர், எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இந்தி என்று ஒரு சுவர் இருப்பது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது.

"பெரிய மேடத்தை நினைத்து ரொம்ப வருத்தப்படுகிறாள்" என்றேன்.

சின்ன மேடத்தின் முகம் இளகியது. நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீத் ஆன் டாப், மேடம்! மை டாட்டர் த்ரோ. ஐ பிரிங்!"

கை நிறைய எஞ்சின் எண்ணெயோடு அவர் கூரைக்கம்பத்தில் பாதி ஏறியிருந்தார். "இறங்குங்க! கித்தான் தாங்காது!" என்று கத்தினேன். "இதோ தெரியுது, இதோ தெரியுது" என்று பதில் வந்தது. கூரைமேல் அவர் முழங்கால் ரெண்டு குழியாக நகர்வதைக் கீழேயிருந்து எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குழி பெரிய மேடத்தின் தலைக்கு மேல் வந்தது. கேப்டன் அவளை நாற்காலியோடு அப்படியே இழுத்தார். குழி மேசைக்கு மேல் போனது. அங்கே கித்தான் டர்ரென்று கிழிந்தது.

மேசையில் தேங்காய்ப்பாலில் ஊறிய மீன், கிழங்கு, பூ ஜாடி எல்லாவற்றின் மேலும் என் புருஷன் மல்லாந்து விழுந்தார். வலது கை மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. அதில் பல்செட்.

நான் ஒரு நர்ஸ். ஓடிப்போய் எலும்பு எதுவும் முறிந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் ஓடிப்போய், "என் மானத்தை வாங்கிட்டீங்களே!" என்றேன். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மேரே பல்செட்டை வாங்கி வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்தாள். பெரிய மேடம் அதை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக என்னிடம் பேசினாள். "இப்போது சொல். குழந்தை என்ன சொன்னாள்?"

சொன்னேன். சாணி வரை சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். கிழவி வசந்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, வாயைத் திறந்து காட்டி, நாளைக்குக் காலையில் முளைத்திருக்கிறதா என்று வந்து பார் என்றாள். மறுநாள் வசந்தி போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

லௌட்டோக்கா நெருங்கும்போது எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பெரிய மேடம் அவரைப் பார்த்துக் கேட்டாள், "பாய்லர் ரிப்பேர் செய்யத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"நடக்க முடியாத ஆண்களைத் தூக்கிக் குளிக்க வைக்க முடியுமா?"

"முடியும் மேடம். முதுகு மட்டும் ஒரு வாரம் வலிக்கும் போல இருக்கு."

கிழவி தலையாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "எங்கள் இல்லத்தில் தினமும் ஏதாவது தொலையும், ஏதாவது உடையும். நடந்ததை நடந்தபடி என்னிடம் வந்து சொல்கிற ஆள் எனக்கு வேண்டும். நீ ஒரு வருடம் கழித்து வந்து என்னைப் பார்."

ஆக, வேலை கிடைத்துவிட்டது. தங்க மெடல் வாங்கிய நர்ஸுக்கு இல்லை, மேசையில் விழுந்த ஃபிட்டருக்கு! பஸ்ஸில் ரக்கிரக்கி வரும் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் மெதுவாக, "யாருக்குக் கெடைச்சா என்ன லட்சு? நாலு பேரும் ஒண்ணாத்தானே போறோம்?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குக் கீழே ஒரு நிம்மதி வந்ததையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் நான்கு பாஸ்போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நான்தான் முதலில் போய் நின்றேன். அதிகாரி விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலை உங்கள் கணவருக்கு. நீங்கள் அவரைச் சார்ந்து வந்தவர். கொஞ்சம் பின்னால் நில்லுங்கள் அம்மா" என்று தன்மையாகத்தான் சொன்னார். வசந்திக்கு அந்த இங்கிலீஷ் நன்றாகப் புரிந்துவிட்டது. அதுதான் நான் செய்த பாவம்.

ஒரு வருடம் கழித்துக் கிழவி எனக்கும் வேலை கொடுத்தாள். தலைமை நர்ஸாகத்தான் ஓய்வு பெற்றேன். இதெல்லாம் என் வீட்டில் செல்லாது. போன வருடம் வசந்தியின் கல்யாணத்தில், அக்கினியில் நெய் எவ்வளவு விட வேண்டும் என்று நான் ஐயருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மணையில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்த்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "மம்மி, கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்றாள். குமார் முதல் வரிசையில் உருண்டு உருண்டு சிரித்தான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்.