தம்பி மூச்சை விட்ட ஆட்டம்

சாரணர் முகாம்,
போதமலை அடிவாரம், ராசிபுரம் வழி,
தாது வருஷம் வைகாசி மாதம்.

எனக்கு மூத்தவரும், எங்கள் இருவருக்காகவும் அப்பாவிடம் ஜாமீன் நின்றவருமான அக்காள் நல்லம்மாள் அவர்களுக்கு, தம்பி சின்னராஜ் இரு கையும் கூப்பி எழுதுவது. இவ்விடம் நானும் சின்னவன் கந்தனும் அவரவர் கை கால்களோடு சௌக்கியம். அவ்விடம் நீங்களும், இதை உங்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும் மச்சான் அவர்களும், குழந்தையும், போன மாதம் கன்று போட்ட எருமையும் சௌக்கியமாயிருக்கத் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன். இங்கிருந்து அந்த மலை தெரியாது. திசையைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

நிற்க. தேர் பார்க்க உங்கள் ஊருக்கு வந்த குப்பாயி பெரியம்மா, எனக்கு மண்டை உடைந்து விட்டதென்றும், கந்தனை நான் மரத்தில் கட்டிவைத்து அடித்தேனென்றும் சொல்லியிருப்பார். அழ வேண்டாம். மண்டை உடையவில்லை. கட்டியது மெய், அடித்தது பொய். முகாமுக்கு வந்ததிலிருந்து நாங்கள் ஒரு நாளும் அடித்துக்கொள்ளவில்லை. எப்படி அடித்துக்கொள்வோம்? புறப்படும்போது அப்பா சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்? "அங்க போயி ஒருக்கா அடிச்சுக்கிட்டீங்கன்னு எங்காதுல உளுந்துதோ, பள்ளிக்கொடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ரெண்டு பேரும் கெணத்து மேட்டுல மாட்டைப் பூட்டித் தண்ணி எறைச்சுக் கவலை ஓட்டுங்க" என்றார். ஊரில் எல்லோரும் கவலை தீர வேண்டுமென்று சாமி கும்பிடுவார்கள். நான் கவலை ஓட்டாமலிருக்க வேண்டுமென்று கும்பிட்டேன்.

ஆனால் அக்கா, அவனும் நானும் ஒரே கூடாரத்தில் அடித்துக்கொள்ளாமல் இருப்பது லேசான காரியமா? கல்யாணத்தன்று காலைவரை எங்கள் இருவரையும் விலக்கிவிட்டே கை ஓய்ந்தவர் நீங்கள். அவன் என் ஜமுக்காளத்தை இழுப்பான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சல்யூட் வைப்பேன். நான் அவன் பங்கு வேர்க்கடலையைத் தின்பேன், அவன் கண்ணை உருட்டிக்கொண்டு சல்யூட் வைப்பான். இதைப் பார்த்த எங்கள் ஸ்கௌட் மாஸ்டர் வெங்கடாசலம் சார், பாவம், சென்னைப் பட்டணத்துக்காரர், "என்ன ஒழுக்கம், என்ன ஒழுக்கம்!" என்று எல்லோருக்கும் எங்களைக் காட்டினார். அப்படியிருக்கும்போதுதான் முடிச்சுப் போடும் பாடம் வந்தது. பாடமாகச் செய்தால் அது சண்டையாகாது என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கந்தனை மாமரத்தோடு சேர்த்து நன்றாகப் பாடம் படித்தேன். போட்ட முடிச்சை அவிழ்க்கிற பாடம் மறுநாளைக்கென்று சார் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகமில்லை. அரிவாள் வந்து கயிற்றை அறுக்கும்வரை எறும்பு அவனைக் கவனித்துக்கொண்டது. சாயங்காலம் முதலுதவிப் பாடம். காயம் பட்டவனாக என்னைப் படுக்கச் சொன்னார்கள். கந்தன் கட்டுத் துணியை எடுத்து நெற்றி, கன்னம், வாய், மூக்கு எல்லாம் சேர்த்துச் சுற்றினான். மூச்சுக்கு ஓட்டை வைக்கச் சொல்லி சார்தான் கத்தினார். இந்த இரண்டு பாடத்தையும் மோர் விற்க வந்த குப்பாயி பெரியம்மா பார்த்துவிட்டுப் போனார். பாடமென்று அவருக்கு யார் சொல்வது?

அவர் நேரே போய் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் தேருக்கு வண்டியேறியிருக்கிறார். அடுத்த நாள் சடுகுடுப் போட்டியின் கடைசி ஆட்டம். நான் ஒரு கட்சி, கந்தன் எதிர்க்கட்சி. ஆட்டம் சூடுபிடித்திருக்கிற நேரத்தில் தோப்புக்குள் வண்டி வந்து நின்றது. அப்பா கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு இறங்கினார். எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. தூரத்திலிருந்தே "என்ற பசங்க அடிச்சுக்கறாங்களாமா? மூட்டையக் கட்டச் சொல்லுங்க" என்றார். சார் அவரைக் கையமர்த்தி, எதிர்க்கட்சிப் பக்கம், எனக்கு நேர் எதிரே, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்து பார்த்தால், களத்தில் ஒரு பக்கம் எல்லோரும் அவுட்டாகி நான் ஒருத்தன், இன்னொரு பக்கத்தில் பாடி வருவதற்குக் கந்தன் ஒருத்தன். அப்பா தார்க்குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

கந்தன் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு வந்தான். நான் குனிந்து அவன் காலுக்குப் பாய்ந்தேன், பிடி தவறிவிட்டது, அவன் ஒரே வீச்சில் என் முதுகுப் பக்கம் போய்விட்டான். தொலைந்தேன் என்று நினைத்தேன், அக்கா. கையை நீட்டினால் போதும், அவன் கட்சி ஜெயித்தது. அப்போது அவன் பாட்டை நிறுத்தினான். "அண்ணா, தொட…" என்றான். அவ்வளவுதான், மூச்சு அறுந்துவிட்டது, சார் விசில் ஊதிவிட்டார், அவன் அவுட், எங்கள் கட்சி ஜெயித்தது!

"தொடட்டுங்களா" என்று கேட்க வந்திருக்கிறான்! அண்ணன் உடம்பில் அனுமதி இல்லாமல் கை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாதா? என்னைக் கடிக்கும்போதுகூட "கையை உடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தானே கடிப்பான்? அதோடு போகவில்லை. பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டவன், கூடாரம் வந்து சேரும்வரை கையை எடுக்கவேயில்லை. வெங்கடாசலம் சார் மேஜைமேல் ஏறிச் சகோதர பாசத்தைப் பற்றிப் பேசினார். அப்பா எழுந்து நின்றார். "இது எம்பட பசங்களா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பள்ளிக்கொடம் போங்க சாமி, எத்தனை வருசமானாலும் போங்க. அந்தக் கவலையை நான் பாத்துக்கறேன்" என்றார். தார்க்குச்சியை மறந்து இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அக்கா. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது. இந்தத் தம்பியையா இத்தனை வருஷம் சனியன் என்று திட்டினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ஜாமீன் பத்திரமாக மீண்டது. அக்காளுக்கும் மச்சானுக்கும் எங்கள் கும்பிடு, குழந்தைக்கு முத்தம், எருமைக்கு ஒரு பிடி புல் அதிகம்.

தங்கள் அன்புத் தம்பி,
சின்னராஜ்

பின்குறிப்பு: மச்சான் அவர்களே, இதற்குக் கீழே உள்ளதை அக்காளுக்கு மட்டும் படித்துக் காட்டவும். நீங்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அக்கா, கடிதத்தை ஒட்டப் போகும்போது, துவைப்பதற்காக என் காக்கி அரை டவுசரை எடுத்தேன். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. கந்தனைக் கேட்டேன். "அதைத்தானுங்கண்ணா நான் சொல்ல வந்தேன். நீங்க குனிஞ்சப்பவே கிளிஞ்சுருச்சு. அண்ணா, தொட தெரியுதுங்கன்னு சொல்றதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு" என்றான். தொடட்டுமா இல்லை, அக்கா. தொடை! இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்ததும் மறைப்பதற்குத்தானாம். அன்றைக்குக் கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள் என்பதை மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது கணக்குப் பார்த்தால், கண் கலங்கியவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் இருந்தவர்கள், சிரித்தவர்கள் எல்லோரும் பின்னால் இருந்தவர்கள். என் மானத்துக்காக ஆட்டத்தையே விட்டிருக்கிறான். அனுமதி கேட்டதைவிட இது பெரிது என்று எனக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லியும்விட்டேன். உடனே அவன், "அப்பறம் என்னுங்கண்ணா? உட்டுக் குடுத்தது நான், அப்ப ஜெயிச்சது எங்க கச்சிதானுங்களே?" என்றான். அவுட் என்றால் அவுட்தான் என்றேன். இல்லீங்க என்றான். ஆமாம் என்றேன்.

அப்பாவிடம் மூச்சு விட வேண்டாம். என் மூக்கு வீக்கமும் அவன் காது வீக்கமும் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வடிந்துவிடும். "நாங்கள் ஒரு நாளும் அடித்துக்கொள்ளவில்லை" என்று மேலே எழுதியிருக்கும் வரியை மட்டும் மச்சான் பேனாவை எடுத்து அடித்துவிடவும்.