பங்காளி சாவு

லாஸ்பேட்டை, புதுச்சேரி
30-1-2009

கடலூர் அறிவியல் மன்றத்தின் செயலாளரும் என் மனைவியின் தம்பியுமான மச்சான் அருள்முருகன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா அமிர்தவல்லியும் சௌக்கியம். என் தலைமுடியும் மீசையும்தான் இல்லை.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி டார்வினின் இருநூறாவது பிறந்தநாள் கூட்டத்தில் பேச என்னை அழைத்து, நோட்டீசில் 'மூடநம்பிக்கையின் எதிரி' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் எங்கள் தெருவில் ஒரு குரங்கு கரண்டுக் கம்பியில் அடிபட்டுச் செத்தது. ஆஞ்சநேயரே போய்விட்டார் என்று தெருவே கூடி, அதை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, மேளத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் பேசாமல் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். வெளியே போய், குரங்கு சாமி இல்லை, நமக்குச் சொந்தம் என்று வகுப்பெடுத்தேன். தெரு நலச் சங்கத் தலைவர் காத்தவராயன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப உங்க தாத்தாவா சார்?" என்றார். அங்கேயாவது ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். தவறான விடைக்கு நான் என்றைக்கு மார்க் போட்டிருக்கிறேன்? "தாத்தா இல்லய்யா. ஒரே மூதாதைக்குப் பொறந்து, பிரிஞ்சு போன ரெண்டு கிளை" என்று திருத்தினேன்.

"பங்காளின்னு சொல்லுங்க! பங்காளின்னா தீட்டு உண்டே சார். சாமிக்கு நாங்க மாலை போடலாம், மொட்ட போட முடியுமா? வாரிசு இல்லாத சாவு, பங்காளிதான் முன்ன நிக்கணும்."

உங்கள் அக்கா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டாள். "இத்தினி வருசமா சொந்தம் சொந்தம்னுட்டு, சாவுன்னா ஓடி ஒளியிறீங்களா? நான் தெருவுல தலகாட்ட வாணாம்?" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டு நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தலை போயிற்று. கேட்காமலே மீசையும் போயிற்று. கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தேன். வழியில் என் பழைய மாணவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தி, "யாரு சார் தவறிட்டாங்க?" என்று துக்கம் விசாரித்தார்கள். "தூரத்துச் சொந்தம்" என்றேன். அறிவியல்படி அது பொய்யில்லை.

குழியருகே வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அதன் கை என் பக்கம் விரிந்து கிடந்தது. ரேகையும் நகமும் அப்படியே நம் கை, மச்சான். இத்தனை காலம் கரும்பலகையில் படம் போட்டேனே தவிர, சொந்தம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். தெருவில் அதைப் பக்தி என்கிறார்கள். சத்தியமாகப் பக்தி இல்லை, வெறும் உயிரியல். பன்னிரண்டாம் தேதி தொப்பி போட்டுக்கொண்டு வந்து பேசிவிடுகிறேன். மேடையில் யாரும் தொப்பியைக் கழற்றச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மானம் உங்கள் கையில்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் செயலாளர் என்பதால் ஆசியை வாழ்த்து என்று வாசித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கோவிந்தசாமி

பி.கு.: இப்போதுதான் நாள் எண்ணிப் பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் சரியாகப் பன்னிரண்டாம் தேதி விழுகிறது. கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். மொட்டைத் தலையில் உருமால் கட்ட வேண்டியது மைத்துனர் முறை. புது வேட்டியும் உருமாலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடவும். நீங்கள் வராமல் போனால் ஆஞ்சநேயர் தப்பாக நினைத்துக்கொள்வார்.