பழைய மாணவர்களுக்கான அறை

கட்டில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில்தான் அவர் பெயர் ஒட்டியிருந்தது.

டிக்கெட் சார் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோடு சேர்த்து வைத்திருந்த இரும்பு ஏணியை ஏற இறங்கப் பார்த்தார். கூடவே அவருடைய வலது முட்டியும் பார்த்திருக்க வேண்டும். சுள்ளென்று ஒரு முறை குத்திக் காட்டியது.

வாழ்க்கை முழுக்க இரவு ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் தெருவில் எல்லாருக்கும் டிக்கெட் சார்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மாணவர்கள் விடுமுறைக்குப் போனதும் காலியாகக் கிடக்கும் கல்லூரியில், அறுபது தாண்டியவர்களுக்காக ஐந்து நாள் தங்கிப் படிக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். நட்சத்திரம் பற்றி, பறவைகள் பற்றி, பழைய நாகரிகங்கள் பற்றியெல்லாம் பேராசிரியர்களே வந்து பாடம் எடுப்பார்கள். விடுதியில் படுக்கை, மெஸ்ஸில் சாப்பாடு. பரீட்சை கிடையாது.

"ரயில் ஜன்னல் வழியா எத்தனை காலேஜைப் பார்த்திருப்பீங்க. ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவருடைய அப்பா படுத்த படுக்கையாகிவிட, குடும்பத்துக்காக வேலைக்கு வந்தவர் அவர். வீட்டுக் கூடத்தில் மகனும் மகளும் கல்லூரியில் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. நடுவில் ஓர் ஆணி சும்மா இருந்தது. "கடைசி நாள் உங்களுக்கும் குரூப் போட்டோ எடுப்பாங்களாம். நிமிர்ந்து நில்லுங்க" என்று சொல்லித்தான் வழியனுப்பினாள்.

அந்த ஆணிக்காகத்தான் அவர் வந்திருந்தார். ஆனால் ஏணி இப்படிக் குறுக்கே நிற்கும் என்று நினைக்கவில்லை.

கீழ் அடுக்கில் ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

"சார், எனக்கு முட்டி வலி. நீங்க கொஞ்சம் மேல படுத்துக்க முடியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் டிக்கெட் சாருக்கு உறைத்தது. இந்த வாக்கியத்தை அவர் சர்வீஸில் கேட்காத ராத்திரி இல்லை. அதற்கு அவர் வைத்திருந்த பதிலும் ஒன்றே ஒன்றுதான்.

குமாஸ்தா கண்ணைத் திறக்காமலே அந்தப் பதிலைச் சொன்னார். "ஒதுக்கினது ஒதுக்கினதுதான் சார்."

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அன்று காலை அறிமுகக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசச் சொன்னபோது, டிக்கெட் சார் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தார்: "பொய் சொல்லி என்கிட்ட லோயர் பெர்த் வாங்கினவன் ஒருத்தன் கிடையாது. ஆளைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவேன்." எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

முட்டியைப் பிடித்துக்கொண்டே டிக்கெட் சார் அலுவலகத்துக்குப் போனார். வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியை அவருடைய மகள் வயதுதான் இருப்பாள்.

"கீழ்க் கட்டில் எல்லாம் வயசு வரிசையில குடுத்தாச்சு சார். உங்களுக்கு அறுபத்திரெண்டுதானே? இந்தக் கூட்டத்துல நீங்கதான் சின்னப் பிள்ளை."

"வேற வழியே இல்லையாம்மா?"

அவள் அவருடைய முட்டியைப் பார்த்தாள். "பழைய மாணவர்களுக்குன்னு தரைத்தளத்துல ரெண்டு ரூம் வெச்சிருக்கோம். தனித்தனிக் கட்டில். அதுல ஒரு கட்டில் காலியா இருக்கு. ஆனா நீங்க இங்க படிச்சவர் இல்லையே."

"யாரு சொன்னா?" என்றது டிக்கெட் சாரின் வாய். அதைக் கேட்டு அவரே கொஞ்சம் திகைத்துப்போனார். "நான் இங்கதான் படிச்சேன்."

"இங்கயா?"

"இங்கயேதான். ரொம்ப வருஷம் ஆச்சு. அதான் சொல்லிக்கலை."

ஆசிரியை எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்தாள். தேடல் கொஞ்ச நேரம் நடந்தது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. கையில் சாவி இருந்தது.

*

தரைத்தள அறை சொர்க்கம். குளியலறை பக்கத்திலேயே. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அடுத்த அறையில் குடைக்கார அம்மா. வயதுக்கு மரியாதை செய்து அங்கே போட்டிருக்கிறார்கள் போல என்று டிக்கெட் சார் நினைத்துக்கொண்டார்.

இன்னொரு கட்டிலில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசியே பழக்கமில்லாத தொழில்.

"நீங்களும் பழைய மாணவரா?" என்று ஏஜென்ட் கேட்டார். டிக்கெட் சார் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அசல் பழைய மாணவனோடு ஐந்து நாள் ஒரே அறையில் குப்பை கொட்ட வேண்டும்.

"ஆமா" என்றார். "அப்போ காலேஜே வேற மாதிரி இருந்துச்சு."

ஏஜென்ட் எண்ணெய்க் கையோடு கொஞ்சம் யோசித்தார். "ஆமா ஆமா. வேற மாதிரிதான்."

அதோடு இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு.

மறுநாள் காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஆசிரியை எழுந்து நின்று, இந்த முறை நம்மோடு இரண்டு பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், வகுப்பு முடிந்ததும் அவர்களே எல்லாருக்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று அறிவித்தாள். டிக்கெட் சார் வாய்க்குக் கொண்டுபோனதைத் தட்டிலேயே வைத்தார்.

தப்பிக்க ஒரு வழி செய்தார். எல்லாரையும் முன்னால் நடக்க விட்டு, அவர்கள் எங்கே போகிறார்களோ அங்கே கையை நீட்டினார். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஆர்வக் கோளாறில் ஒரு பெரிய மரத்தடியில் நின்று, "நாங்க படிக்கும்போது இந்த மரத்தடியிலதான் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லித் தொலைத்தார்.

கோர்ட் குமாஸ்தா மரத்தருகே பதித்திருந்த கல்லைக் குனிந்து படித்தார். "போன வருஷத்துக்கு முன்னாடி வருஷம் வேரோட பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதுன்னு போட்டிருக்கே."

டிக்கெட் சாருக்கு வியர்த்தது. ஆனால் ஏஜென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அவர் சொல்றது இதுக்கு முன்னாடி இங்க இருந்த மரத்தை. நானும் அதுக்கு அடியில உக்காந்திருக்கேன். என்ன நிழல் தெரியுமா."

டிக்கெட் சார் அசந்துபோனார். இந்த மனுஷன் ஏன் எனக்காகப் பேசுகிறார்? ராத்திரி படுக்கையில் புரண்டு யோசித்ததில் ஒரே விடைதான் கிடைத்தது. பாவம், வயசாகிவிட்டது. ஞாபகம் குழம்பி, கூடப் படித்த வேறு யாரோ என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து ஏஜென்ட்டின் மாத்திரைகளை எடுத்து வைப்பதும், கண்ணாடி எங்கே என்று தேடிக் கொடுப்பதுமாக அவரைப் பரிவோடு கவனித்துக்கொண்டார். ஏஜென்ட்டும் அதே பரிவோடு அவர் கையைப் பிடித்துப் படி இறக்கினார்.

வகுப்புகள் மட்டும் அவர் நினைத்ததைவிட நன்றாக இருந்தன. நட்சத்திர வகுப்பில், இப்போது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நாம் பிறப்பதற்கு முன்னாலேயே கிளம்பியது என்று பேராசிரியர் சொன்னபோது, டிக்கெட் சார் கையைத் தூக்கி, "அப்போ அது ரொம்ப லேட்டா வர்ற ரயில் சார்" என்றார். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்து, கல்லூரி திறந்ததும் நான் இதையே மாணவர்களுக்குச் சொல்வேன் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தபோது டிக்கெட் சாருக்குக் கண் லேசாகக் கலங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம் விசிறிக் காற்று என்றார்.

மாட்டிக்கொண்டால் இதெல்லாம் போய்விடும். பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். ஆணி சும்மாவே இருக்கும். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம்.

மாட்டாமல் இருக்க அவர் செய்ததெல்லாம் முடிச்சை இன்னும் இறுக்கியது. அறைச் சுவரில் கண்ணாடி ஏன் இவ்வளவு பெரியது என்று யாரோ கேட்டபோது, அந்தக் காலத்துப் பசங்க கொஞ்சம் ஸ்டைலாகத்தான் இருப்பார்கள் என்றார். மெஸ்ஸில் பரிமாறும் அம்மா, "நீங்க எந்த ரூம்ல தங்கியிருந்தீங்க?" என்று கேட்க, இவர் மாடியைக் காட்ட, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். இருமல் போலிருக்கிறது, தோள் அப்படிக் குலுங்கியது.

நாலாம் நாள் சாப்பாட்டின்போது குடைக்கார அம்மா தட்டை எடுத்துக்கொண்டு இவர்கள் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் என்ன வேலை பார்த்தவர் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. யாருடைய மாமியாரோ துணைக்கு வந்திருக்கிறார் என்று ஒரு பேச்சு.

"ஹாஸ்டல் வாழ்க்கை எப்படித் தம்பி இருந்துச்சு?"

"கண்டிப்பு ஜாஸ்திம்மா" என்றார் டிக்கெட் சார். விடுதி என்றால் எங்கும் கண்டிப்புதான், இதில் தப்பு வராது என்று கணக்குப் போட்டிருந்தார்.

"அப்போ வெளிய எங்கயும் போக மாட்டீங்களா?"

அதோடு இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா அவ்வளவு ஆவலாகக் கேட்டார். "போகாம இருப்போமா? பின்பக்கம் ஒரு சுவர் இருக்கு பாருங்க. ராத்திரி அதை ஏறிக் குதிச்சு சினிமாவுக்குப் போயிடுவோம்."

"நான்தான் தோள் குடுப்பேன்" என்றார் ஏஜென்ட்.

"யாரும் பிடிக்கலையா?"

"எங்களையா? வார்டன் தூங்குமூஞ்சி" என்றார் டிக்கெட் சார்.

குடைக்கார அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். "தூங்குமூஞ்சியா" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

*

கடைசி நாள் நிறைவு விழா. அது முடிந்ததும் வாசல் படிக்கட்டில் குரூப் போட்டோ. போட்டோக்காரர் ஏற்கெனவே வந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

டிக்கெட் சார் முந்தின நாள் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பொய்யாக வாங்கின கட்டிலில் படுத்தாகிவிட்டது. பொய்யோடு போட்டோவில் நிற்கக் கூடாது. வேலையில் இருந்தபோது எத்தனையோ பேரை ராத்திரியில் எழுப்பி மேலே அனுப்பியவர் அவர். தன்னையும் எழுப்பித்தான் ஆக வேண்டும்.

பழைய மாணவர்கள் சார்பில் பேச அழைத்தபோது மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

"நான் உங்க எல்லார்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லணும்."

ஏஜென்ட்டுக்கு முகம் வெளுத்தது. அவர் இரண்டே எட்டில் மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். தன் நண்பருக்குத் தன்னடக்கம் அதிகம் என்றும், படிப்பில் அவர்தான் முதல் என்றும், சுவர் ஏறிக் குதிப்பதிலும் அவர்தான் முதல் என்றும், அதைத்தான் உண்மை என்று சொல்ல வந்தார் என்றும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அரங்கம் அதிர்ந்தது. டிக்கெட் சார் மைக்குக்காகக் கை நீட்டினார். ஏஜென்ட் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்படியே இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"என்னை ஏன்யா பேச விடலை?" என்று டிக்கெட் சார் அவர் காதில் கேட்டார்.

"நீங்க என்னைக் காட்டிக்கொடுத்துட்டா நான் எங்க போவேன்?" என்றார் ஏஜென்ட். "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற ஆளு நான். மேல் கட்டில்ல இருந்து எப்படி இறங்குவேன், சொல்லுங்க."

டிக்கெட் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவேன் என்று கை தட்டல் வாங்கியவர் அவர்தான்.

அதற்குள் ஆசிரியை மைக் முன்னால் வந்துவிட்டாள். இந்த வகுப்பில் நீங்கள் யாரும் அறியாமல் ஒரு சிறப்பு விருந்தினர் இருந்திருக்கிறார், தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார், இதே கல்லூரியில் படித்து, இதே விடுதியில் ஓய்வு பெறும் வரை வார்டனாக இருந்தவர் என்றாள்.

முன்வரிசையில் குடையை ஊன்றிக்கொண்டு அந்த அம்மா எழுந்தார்.

டிக்கெட் சாரும் ஏஜென்ட்டும் ஒரே நேரத்தில் வாசல் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் போட்டோக்காரர் நின்றிருந்தார்.

"நான் நிறையப் பேசப் போறதில்லை" என்றார் குடைக்கார அம்மா. "போட்டோவுல அந்தத் தம்பிங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். அது ஒண்ணுதான் என் ஆசை."

கூட்டம் கை தட்டியது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஏன்னா, போன வருஷம் வரைக்கும் இது பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ். அந்தச் சுவரை ஏறிக் குதிச்சு என் கையில மாட்டாம தப்பிச்ச ஆம்பளைங்க இவங்க ரெண்டே பேர்தான்."