முதல் ஆளுக்கு ஆசைப்பட்டேன்

போன ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். இந்த வருஷம் டேரியஸ் ஹால்ப்ரூக் என் அணியில்தான் இருப்பான். தலையை அடகு வைத்தாவது அவனைப் பிடிப்பேன். கண்ணாடியில் தெரிந்த ஆசாமி சரியென்று தலையாட்டினார். எங்கள் வீட்டில் நான் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசாதவர் அவர் ஒருவர்தான்.

ஹால்ப்ரூக் அமெரிக்க ஃபுட்பால் வீரன்; பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினால், ஐந்து பேர் முதுகில் தொங்கினாலும் நிற்கமாட்டான். அப்படிப்பட்டவனை எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியாது. டிவியில் பார்த்திருக்கிறேன். அது போதும். எங்கள் மினசோட்டா கிராமத்தில் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில், வருஷாவருஷம் ஆறு பேர் கூடி, டிவியில் ஆடுகிற நிஜமான வீரர்களை முறை வைத்துப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவோம். சுற்றுக்கு ஒரு ஆள், ஏழு சுற்று. ஒருவர் எடுத்த வீரனை மற்றவர் தொட முடியாது. அப்புறம் ஞாயிறுதோறும் அவர்கள் மைதானத்தில் ஓட ஓட, சோபாவில் சாய்ந்திருக்கிற நமக்குப் புள்ளி ஏறும். ஆண்டவன் எனக்கென்றே படைத்த விளையாட்டு.

இந்த வருஷம்தான் அதில் மீன் விழுந்தது.

எங்கள் சர்ச்சில் நவம்பரில் லூட்டெஃபிஸ்க் விருந்து நடக்கும். காய்ந்த மீனை, சோப்புக்குப் போடுகிற காரநீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கூழாகிற வரைக்கும் வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவது. நார்வேயிலிருந்து வந்த எங்கள் முன்னோர் நிலத்தை விட்டார்கள், வீட்டை விட்டார்கள், இந்த மீனை மட்டும் விடவில்லை. அண்டாவின் பக்கத்தில் நின்று வேகவைத்தவர் மேல் அடிக்கிற நாற்றத்துக்கு மூன்று நாள் நாய் கூட அண்டாது. விருந்து நடப்பது மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விடுவோம். இருபத்திரண்டு வருஷமாக அந்த அண்டாவைக் கட்டி அழுதவள் என் மனைவி டார்லா.

ஜூலையில் ஒருநாள் அவள் பாஸ்டர் ரோல்ஃபிடம் போய், இந்த வருஷம் அண்டாவுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பாஸ்டர் ஆராதனை முடிவில் அறிவித்தார். ஆண்கள் எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தோம். பாஸ்டரும் எங்கள் ஆறு பேரில் ஒருவர்தான். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வேட்டைக்கு முந்தைய ஞாயிறன்று எந்த அணி கடைசியில் கிடக்கிறதோ, அந்த அணிக்காரர் அண்டாவுக்கு. நாங்கள் சிரித்தோம். கடைசியில் வருவது எப்போதும் அடுத்தவன்தானே.

"அப்போ நானும் ஒரு அணி எடுத்துக்கறேன். ஒருத்தர் ஊரை விட்டுப் போயிட்டார்ல, அந்த இடம் காலியாத்தானே இருக்கு" என்றாள் டார்லா.

எனக்கு உள்ளுக்குள் குஷி. ஃபுட்பாலில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிறவள். கடைசி இடம் உறுதியாகிவிட்டது. முப்பத்தொரு வருஷமாக ஒரு வேட்டைத் தொடக்கத்தைக் கூட நான் விட்டதில்லை. பனி விழுந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், எங்கள் மகள் பிறந்த வருஷம் கூட. அந்தக் கடைசி விஷயத்தை டார்லா இன்னும் மறக்கவில்லை.

தேர்வு நாளன்று சர்ச் கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ், காபி, பச்சை ஜெல்லி எல்லாம் ஆஜர். காபி டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். முதல் முறை டார்லாவுக்கு. இரண்டாவது பாஸ்டருக்கு. மூன்றாவது எனக்கு.

எனக்கு வியர்த்துவிட்டது. டார்லா ஒரு பத்திரிகையைப் புரட்டி ஹால்ப்ரூக்கின் படத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பையன் களையா இருக்கான், இல்ல?"

"களையை வச்சு என்ன பண்றது? அவனை எடுத்துடாதே."

"எடுக்கறேன்னு சொல்லலையே. பார்த்தேன், அவ்வளவுதான்."

அவள் பார்த்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு அது வந்துவிடும். திரைச்சீலை அப்படித்தான் வந்தது. பூனை அப்படித்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் வந்தேன். அவளைக் காபிப் பாத்திரம் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"டார்லா, உன் முதல் முறையை எனக்குக் கொடு. என் மூணாவது முறையை நீ எடுத்துக்கோ. கூடவே என் ரெண்டாம் சுற்று ஆளும் உனக்கு."

"வேண்டாம் எல்ராய். நீயே வச்சுக்கோ."

"சரி, மூணாம் சுற்றும் உனக்கு."

"ஐயோ, எதுக்கு உனக்குச் சிரமம்."

"நாலாம் சுற்றும். இதுக்கு மேல கேட்காதே."

அவள் ஒரு மிடறு காபி குடித்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"இவ்வளவு தூரம் சொல்றே. மறுத்தா நல்லா இருக்காது. சரி."

கடைசிச் சுற்றுகளில் அவளுக்கு இருந்த மூன்று முறைகளை எனக்குத் தாராளமாகத் தந்தாள். நான் எழுந்து நின்று ஹால்ப்ரூக் பெயரை அறிவித்தேன். "மோசமில்லை" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது, கல்லறையில் கூட அதைத்தான் செதுக்குவார்கள். அடுத்து பாஸ்டர் எழுந்து, வழக்கம்போல, நம் மாநில அணியின் பந்தெறிகிறவனை எடுத்தார். அவர் எப்போதும் நம் மாநில அணிக்காரனைத்தான் எடுப்பார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் டார்லா ஒருத்திதான் எனக்குக் குறுக்கே இருந்தாள்.

அந்த மூன்றாவது முறையில் டார்லா ஒரு உதைக்காரனை எடுத்தாள். பந்தைக் காலால் உதைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிற ஆள். யாரும் கடைசிச் சுற்றுக்கு முன்னால் எடுக்காத ரகம். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போகும்போது காரில் கேட்டேன்.

"முதல் முறை உன்கிட்ட இருந்திருந்தா யாரை எடுத்திருப்பே?"

"இந்த உதைக்காரனைத்தான். நல்ல பையன். ஒழுங்கா வேலைக்கு வர்றான்."

"அப்போ ஹால்ப்ரூக் என் முறை வரைக்கும் சும்மா கிடந்திருப்பானா?"

"கிடந்திருப்பான்."

"அப்புறம் ஏன் வேண்டாம் வேண்டாம்னு பிகு பண்ணினே?"

"பிகுவா? எல்ராய், நம்ம ஊர்ல காபி வேணுமான்னு கேட்டா யாராவது முதல் தடவையே சரின்னு சொல்லியிருக்காங்களா? ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்றது மரியாதை. மூணாவது தடவை வாங்கிக்கணும். எங்க அம்மா அப்படித்தான் வளர்த்தாங்க. நான் மரியாதையா வேண்டாம்னேன். நீதான் ஒவ்வொரு தடவையும் தட்டுல ஒண்ணு கூட வச்சே."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சூனியக்காரியைக் காரில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தது நான் ஒருவனாகத்தான் இருக்கும். ஐம்பத்தாறு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன். காபிக்கு மூன்று முறை கேட்பது எனக்கும் மூச்சு விடுவதுபோல. ஆனால் ஆசை வந்தவனுக்கு ஊர் வழக்கம் எங்கே ஞாபகம் இருக்கிறது? போகட்டும், ஹால்ப்ரூக் என்னிடம் இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அவன் புயலாக ஓடினான். நான் வீட்டுக்குள் நடந்த நடையே மாறிப்போயிற்று. குப்பையைக் கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கொட்டினேன். இரண்டாவது ஞாயிறு ஹால்ப்ரூக் பந்தை வாங்கினான், நாலடி ஓடினான், தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தசை கிழிந்துவிட்டது. இந்தப் பருவம் முழுக்க ஆடமாட்டான் என்றார்கள். அவன் புல்லில் படுத்திருந்தபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அவனுக்காகப் பாதி, மான்களுக்காகப் பாதி.

ஒருவனை நம்பி மூன்று பேரைக் கொடுத்தவனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? கடைசிச் சுற்றுகளில் பொறுக்கிய சொத்தைகள்தான் இருந்தார்கள். ஒருவன் பந்தைப் பிடித்ததைவிடத் தவறவிட்டது அதிகம். இன்னொருவன் அக்டோபரில் ஓய்வே பெற்றுவிட்டான். டார்லாவின் ஆட்களோ பெயர் சொன்னால் அவர்கள் தெருக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் பத்து, பன்னிரண்டு, பத்து என்று புள்ளி கொண்டுவந்து கொட்டினார்கள். அக்டோபர் கடைசியில் அவள் முதலிடத்தில் இருந்தாள். நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கு மேலே இருந்தவர் பாஸ்டர், நான்கே நான்கு புள்ளி வித்தியாசத்தில்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. நான்கு புள்ளி தாண்டினால் காடு. தாண்டாவிட்டால் அண்டா. ஒரு நம்பகமான ஆள் வேண்டும். டார்லாவின் உதைக்காரன் வாராவாரம் எட்டுக்குக் குறையாமல் எடுக்கிறவன். சனிக்கிழமை காலை அவள் சமையலறை மேஜையில் என் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. வழக்கம் தெரிந்துவிட்டதே. ஒரே விலை, மூன்று தடவை. ஒரு அணுவும் கூட்டமாட்டேன்.

"டார்லா, உன் உதைக்காரனை எனக்குக் கொடு. அடுத்த வருஷத்து என் முதல் சுற்று உனக்கு."

அவள் துணியை மடித்து வைத்தாள். "வேண்டாம் எல்ராய். அவன் உனக்கு எதுக்கு?"

நான் அசையவில்லை. உள்ளுக்குள் ஒன்று என்று எண்ணினேன். "உன் உதைக்காரன். அடுத்த வருஷத்து என் முதல் சுற்று."

"நிஜமாத்தான் சொல்றேன். வேண்டாம், விடு."

இரண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் அதையே சொன்னேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணத்தன்று அப்படித்தான் பார்த்தாள்.

"சரி. இவ்வளவு பிடிவாதமா இருக்கே. எடுத்துக்கோ."

ஜெயித்துவிட்டேன். இருபத்தேழு வருஷ இல்லறத்தில் என் விலைக்கே ஒரு காரியம் முடிந்தது அன்றுதான். உடனே பாஸ்டருக்குப் போன் போட்டு மாற்றத்தைப் பதியச் சொன்னேன். அவர் "அப்படியா?" என்று இழுத்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு பாப்கார்னோடு உட்கார்ந்தேன். ஒரு சேனலில் அவன் அணியைக் காணோம். அடுத்த சேனலிலும் காணோம். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டங்களிலும் காணோம். கடைசியில் செய்தித்தாளை எடுத்து அன்றைய ஆட்டங்களை விரல் வைத்துப் படித்தேன். ஒவ்வொரு அணிக்கும் பருவத்தில் ஒரு ஞாயிறு ஓய்வு உண்டு. இது எங்கள் ஊரில் ஞானஸ்நானம் வாங்காத குழந்தைக்குக் கூடத் தெரியும். உதைக்காரனின் அணிக்கு ஓய்வு அந்த ஞாயிறு.

பூஜ்யம். என் மற்ற சொத்தைகளும் கைகொடுக்கவில்லை. பாஸ்டருக்குப் பதினொன்று, கடைசி இடம் எனக்கு.

டார்லா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என்னுடைய ஆரஞ்சு வேட்டைக் கோட்டைப் போட்டிருந்தாள். கை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். காட்டில் நாங்கள் தங்குகிற வேட்டைக் குடிசையில் என் கட்டில் ஜன்னல் பக்கமா, அடுப்புப் பக்கமா என்று விசாரித்தாள். அடுப்புப் பக்கம் என்றேன். மீன் அண்டாவுக்கான ஏப்ரன் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, துவைத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

"டார்லா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவனுக்கு இந்த வாரம் ஓய்வுன்னு உனக்கு நேத்தே தெரியுமா?"

அவள் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியாம என்ன? அதனாலதானே எல்ராய், ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னேன்."